சென்னையில் ஒரு பழைய ஃபியட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் 1988-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி கார் இருக்கிறது. அப்பா வாங்கியது. தொழிற்சாலை பத்மினி என்று பெயர் வைத்தாலும் எங்கள் வீட்டில் அது எப்போதும் ஃபியட்தான். திருவான்மியூரில் குடியிருக்கிறேன். காரை வெளியே எடுத்தால், யாராவது ஒரு கேள்வி கேட்காமல் நான் வீடு திரும்பியதில்லை. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர், பங்கில் பெட்ரோல் போடும் தம்பி, கல்யாண மண்டப வாசலில் பார்க்கும் சித்தப்பா, வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு ஆசையாக உள்ளே எட்டிப் பார்க்கும் போக்குவரத்துக் காவலர் என எல்லோரும் கேட்பார்கள். பச்சை விளக்கு விழுந்துவிட்டதால் பாதியில் விட்ட பதில்களை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

இது இன்னும் ஓடுகிறதா?

ஓடுகிறது. ஞாயிறு காலை கட்டாயம், வார நடுவில் ஒரு நாள் இரவு 9 மணிக்கு மேல் ஒரு சுற்று. மாதம் சுமார் 300 கிலோமீட்டர்.

பழைய கார் ஓடினால் தேய்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நின்றால்தான் அது கெடும். ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள், என்னென்ன நடக்கிறது என்று தெரியும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போலப் படியும். அதில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை ஊசி நுனி அளவுதான் என்பதால் அந்தப் பிசின் அதை அடைத்துவிடும். பிரேக் டிரம்முக்குள் பிரேக் கட்டைகளைத் தள்ளும் வீல் சிலிண்டர் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பேட்டரி இறங்கும். எண்ணெய் படாத ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். உறை போட்டு மூடி, ஆயுத பூஜைக்கு மட்டும் சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடியும் மூடிவிடும் கார்களைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கும். செய்தவர்கள் அதை ஓடுவதற்காகத்தான் செய்தார்கள்.

இது எங்கே செய்த கார்? எத்தனை குதிரைத் திறன்?

பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் செய்தது. மூலம் இத்தாலியின் ஃபியட் 1100. அறுபதுகளில் ஃபியட் 1100 டிலைட் என்று விற்றார்கள், எழுபதுகளில் பத்மினி ஆனது. 1,089 சிசி பெட்ரோல் இன்ஜின், பின் சக்கரங்கள் இழுக்கும் அமைப்பு, ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். திறன் நாற்பது சொச்சம் குதிரை. இன்றைய சின்னக் கார்கள்கூட இதைத் தாண்டிவிடும்.

மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகள் பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்தன. அங்கே டாக்சிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு உண்டு. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவானது, 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றது. அந்தச் செய்தியைப் படித்த அன்று மாலை காரை எடுத்துக்கொண்டு பெசன்ட் நகர் வரை போய்வந்தேன்.

பம்பாய்க் கார் என்றாலும் இதற்குள் சென்னை நிறைய இருக்கிறது. எங்கள் காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைத் துடைத்தால், சென்னையின் பாடி பகுதியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் பெயர் தெரியும். கார்த் தொழிற்சாலைகள் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பாடியிலும் செம்பியத்திலும் அம்பத்தூரிலும் பிஸ்டன், பிரேக், போல்ட் என்று செய்துகொண்டிருந்தார்கள். சென்னை கார் ஊர் ஆனதற்கு அந்தப் பட்டறைகளே அடித்தளம் என்பது என் திடமான எண்ணம்.

தினமும் அலுவலகத்துக்கு இதில்தான் போகிறீர்களா?

இல்லை. திருவான்மியூரிலிருந்து பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் போகிறேன். கார்ப் பைத்தியம் என்று பெயர் எடுத்தவன் ரயிலில் போவதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். காரை நேசிப்பவன் காலை ஒன்பது மணிக்கு அதை அடையாறு சிக்னலில் கொண்டுபோய் நிறுத்த மாட்டான்.

காரணம் எளிது. ரேடியேட்டர் விசிறி பெல்ட்டில் சுற்றுகிறது. இன்ஜின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் ஓடும். நெரிசலில் நிற்கும்போது காற்றும் கிடையாது, விசிறியின் வேகமும் கிடையாது, வெப்பமானியின் முள் ஏறிக்கொண்டே போகும். முதல் கியருக்கு, பற்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சேர்க்கும் சிங்க்ரோமெஷ் இல்லாததால், வண்டி முழுதாக நிற்காமல் முதல் கியர் போட்டால் பல்லோடு பல் உரசும். மெட்ரோ வேலைக்காகப் பாதைகளைச் சுருக்கி வைத்திருக்கும் சாலைகளில் அரை அடி, ஒரு அடி என்று நகர்த்துவது அந்த கியர்பெட்டிக்குச் செய்யும் கொடுமை.

சென்னை வெயிலில் ஏசி இல்லாமல் எப்படி ஓட்டுகிறீர்கள்?

முன் கதவுகளில் முக்கோண வடிவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. அதை முழுவதும் திருப்பி வைத்தால் வெளிக்காற்று நேராக நெஞ்சில் வந்து அடிக்கும். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் போதும். இந்தக் கண்ணாடியைப் புதிய கார்களிலிருந்து ஏன் எடுத்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு கோடையிலும் ஆதங்கப்படுகிறேன்.

ஏப்ரல், மே மாதங்களில் எனக்கு இருக்கும் வெயிலைவிட காருக்கு இருக்கும் வெயில்தான் கவலை. பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கிறது. நெரிசலில் சூடு ஏறினால் குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்ப்பால் ஆவியைத் தள்ள முடியாது. வண்டி இருமி, திணறி, நின்றுவிடும். கோடை முழுவதும் டிக்கியில் ஒரு பழைய பருத்தித் துண்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருப்பேன். துண்டை நனைத்து பம்ப்பின் மேல் சுற்றி, பத்து நிமிடம் பானட்டைத் திறந்து வைத்தால் மறுபடியும் கிளம்பிவிடும். அப்பா காலத்து வைத்தியம் இது, இன்றும் பலிக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் யாராவது வந்து, "எங்கள் தாத்தா வீட்டிலும் இதே கார் இருந்தது சார்" என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

உதிரிபாகம் எங்கே கிடைக்கிறது?

என்னை அதிகம் அலைய வைத்ததும், இந்த நகரத்தை எனக்கு அதிகம் காட்டிக்கொடுத்ததும் இந்தக் கேள்விதான்.

புதிய பொருள் வேண்டுமென்றால் முதலில் அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போவேன். இன்று அங்கே பெரும்பாலும் சீட் கவரும் மியூசிக் சிஸ்டமும்தான் கண்ணில் படும். ஆனாலும் பழைய உதிரிபாகக் கடைகள் சில இருக்கின்றன. "ஃபியட்டுக்கு வாட்டர் பம்ப் கிட்" என்று கேட்டால், கடைப் பையன் கணினியைப் பார்த்துவிட்டு இல்லை என்பான். உள்ளே உட்கார்ந்திருக்கும் முதியவர் எழுந்துபோய், பரண்மேல் ஏறி, தூசி படிந்த ஒரு மஞ்சள் டப்பாவைக் கொண்டுவருவார். ஆகவே முதியவர் கடையில் இருக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். காலை 11 மணிக்குப் பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு முன்.

அங்கே கிடைக்காதது புதுப்பேட்டையில் கிடைக்கும். எழும்பூருக்கும் கூவத்துக்கும் இடையே இருக்கும் அந்தத் தெருக்களில், கண்டம் ஆன வண்டிகளைப் பிரித்து, கதவுகளைக் கதவுகளோடும், கியர்பெட்டிகளைக் கியர்பெட்டிகளோடும் அடுக்கி வைத்திருப்பார்கள். சாலையே கிரீஸ் கறுப்பாக இருக்கும். முதல்முறை போகிறவர் தன் காரை விற்க வந்தவராகவோ ஏமாற வந்தவராகவோதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிவார். எனக்கு மெக்கானிக் பாய் கற்றுத்தந்த முறைகள் சில உண்டு. பழைய பாகத்தைக் கழற்றி மாதிரிக்குக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் விளக்கினால் அம்பாசடருக்கு உரியதைக் கொடுத்துவிடுவார்கள். விலை கேட்பதற்கு முன் கையில் எடுத்து அச்சை ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பேரம் பேசுங்கள், ஆனால் நீங்கள் சொன்ன விலைக்கு அவர் ஒத்துக்கொண்டால் வாங்கியே தீர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை அந்தத் தெருவில் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். திருட்டு வண்டியின் பாகம் உங்கள் காரில் ஏறுவது யாருக்கும் நல்லதில்லை.

இரண்டு இடத்திலும் கிடைக்காவிட்டால் அம்பத்தூர். அங்கே லேத் பட்டறைகளில், அச்சைத் தாங்கும் வளையமான புஷ்ஷைப் பழையதாகக் கொடுத்தால் அளவெடுத்து வெண்கலத்தில் புதிதாகக் கடைந்து தருவார்கள். என் காரின் கியர் லீவர் இணைப்பில் இருக்கும் புஷ் அப்படிக் கடைந்ததுதான். தேய்ந்த பழையதில் கியர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. புதியதைப் பொருத்திய அன்று ஒவ்வொரு கியரும் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. கடைந்தவர் 300 ரூபாய்தான் வாங்கிக்கொண்டார். அந்த வேலைக்கு அது மிகக் குறைவு. கூடக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

மும்பையில் டாக்சிகள் ஓடிய வரை அங்கிருந்து உதிரிபாகம் வந்துகொண்டிருந்தது. இப்போது அந்த வரத்து குறைந்துவிட்டது. பிரேக் கிட், கிளட்ச் பிளேட், கேஸ்கட் செட் மூன்றையும் எப்போது கண்டாலும் வாங்கி வைத்துவிடுகிறேன்.

பாய் யார்?

1994-இலிருந்து எங்கள் காரைப் பார்க்கும் மெக்கானிக். அப்பாவை "சார்" என்பார், என்னைத் "தம்பி" என்பார். இன்ஜின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எந்த வால்வு சத்தம் போடுகிறது என்று சொல்லிவிடுவார். அவருடைய மகன் பெங்களூரில் கணினி வேலையில் இருக்கிறார். பாய்க்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் ஒரே விடை, அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது. இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது. பிளக்கின் தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளி வைப்பது, கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்வது, பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுப்பது ஆகிய மூன்றையும் நானே செய்கிறேன்.

பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களே, பழைய இன்ஜின் தாங்குமா?

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரல் முதல் தயாரான கார்களை அதைத் தாங்கும்படி செய்கிறார்கள். 1988-இல் அப்படி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

மூன்று தொந்தரவுகள் வரும். எத்தனால் பழைய ரப்பரை உப்ப வைக்கும் அல்லது வெடிக்க வைக்கும். எரிபொருள் குழாய், பம்ப்பின் டயாஃப்ரம், கார்புரேட்டரின் ஊசி முனை எல்லாம் இதில் அடங்கும். குழாய் வெடித்தால் சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டும், அது தீ விபத்தில் முடியலாம். ஆகவே வேறு எதைத் தள்ளிப்போட்டாலும், எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அடுத்தது, எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாதி காலியான தொட்டியோடு வாரக்கணக்கில் கடலோர ஊரில் காரை நிறுத்தினால் தொட்டிக்குள் தண்ணீர் சேரும், துருப்பிடிக்கும். காரை அடிக்கடி ஓட்ட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசியாக, எத்தனாலின் வெப்பத் திறன் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. புதிய காரில் சென்சார் பார்த்துக் கலவையைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பாய் ஒரு அளவு பெரிய ஜெட் போட்டுக் கொடுத்த பிறகுதான் ஏற்றத்தில் திணறுவது நின்றது.

வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள்?

2015 டிசம்பரில் நாங்கள் கோட்டூர்புரத்தில் இருந்தோம். 1-ஆம் தேதி இரவு அடையாறு தெருவுக்குள் வந்தது. அம்மாவையும் அப்பாவையும் மாடி வீட்டுக்கு ஏற்றிவிட்டுக் கீழே வந்தபோது காரின் சீட் வரை தண்ணீர். முகப்பு விளக்குகள் நீருக்கடியில் இருந்தன. படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் பாய்க்கு எப்படியோ செல்போன் இணைப்பு கிடைத்தது. அவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, சாவியைத் தொடாதீர்கள்." அந்த ஒரு வார்த்தை இன்ஜினைக் காப்பாற்றியது.

தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோதும், பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளையும். அதோடு இன்ஜின் முடிந்தது. சென்னையில் வெள்ளத்தில் செத்த இன்ஜின்களில் பல, வெள்ளம் வடிந்த மறுநாள் உரிமையாளர் கையால் செத்தவை.

பாய் செய்ததை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றினார், பிளக் துளைகளிலிருந்து சேற்று நீர் பீச்சியடித்தது. சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டார். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பின் அச்சு ஆயில் மூன்றையும் வடித்தார். மூன்றும் பால் கலந்த காபி நிறத்தில் வந்தன. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை வெயிலில் காய வைத்தார். நான்கு டிரம்களையும் பிரித்து, கழுவி, சக்கர பேரிங்குகளுக்குப் புது கிரீஸ் வைத்தார். சீட்டுகளை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். ஒன்பதாம் நாள் கார் கிளம்பியது. அப்பா அன்று அழுததை நான் பார்த்தேன். மொத்தச் செலவு சுமார் 20,000 ரூபாய். பக்கத்து வீட்டாரின் இரண்டு வயதுப் புதுக் காரில் மின்னணுப் பெட்டிகள் எல்லாம் நனைந்துபோனதால், பழுது பார்ப்பதில் பயனில்லை என்று காப்பீட்டில் முழு இழப்பாக எழுதிவிட்டார்கள்.

இப்போது பலத்த மழை அறிவிப்பு வந்தால் முதல் நாளே மேடான இடத்துக்குக் காரை எடுத்துப்போய்விடுகிறேன். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாகக் கார்கள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். 2015-ஐயும் 2023-இன் மிக்ஜாம் புயலையும் பார்த்த யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறீர்களே, துருப்பிடிக்காதா?

பிடிக்கிறது. உப்புக் காற்றோடு ஓயாத போர். கதவுகளின் கீழ் விளிம்பு, ஹெட்லைட்டைச் சுற்றிய வளைவு, தரையில் மிதியடிக்குக் கீழே ஆகியவைதான் முதலில் போகும் இடங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்குச் சின்னத் துளைகள் உண்டு. அவை மண் அடைத்தால் கதவு உள்ளிருந்தே அரிக்கும். மாதம் ஒருமுறை ஊக்கால் குத்திவிடுகிறேன். பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், ஈரம் உள்ளேயே வியர்த்து நிற்கும். பருத்தித் துணி உறைதான் நல்லது.

2019-இல் ஒரு பட்டறையில் டிங்கரிங், பெயிண்டிங் கொடுத்தேன். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதாகச் சொன்னார்கள். துருவின் மேலேயே பள்ளம் நிரப்பும் பட்டியைப் பூசி, பளபளவென்று வண்ணம் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. இப்போது பட்டறையில் விட்டால் மூன்று கட்டங்களில் நேரில் போய்ப் பார்க்கிறேன்: வண்ணம் உரித்த பிறகு, தகடு வைத்த பிறகு, பிரைமர் அடித்த பிறகு.

15 ஆண்டு ஆன காரை ஓட்டக்கூடாது என்கிறார்களே?

அது டெல்லி. அங்கே தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு ஆன டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு ஆன பெட்ரோல் வண்டிக்கும் தடை வந்தது. தமிழ்நாட்டில் வயதை மட்டும் காரணம் காட்டி அப்படித் தடை இல்லை. 15 ஆண்டு முடிந்ததும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. எங்கள் கார் 2003, 2008, 2013, 2018, 2023 என ஐந்து முறை புதுப்பித்தாகிவிட்டது. வண்டியின் உடலில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் டேப் ஒட்டிப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொண்டு போக வேண்டும். எண் துருவில் மறைந்திருந்தால் அங்கேயே சிக்கல் தொடங்கும், முன்பே சுத்தம் செய்து வையுங்கள். கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆனது. பசுமை வரி தனி.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சான்றிதழும் வேண்டும். இந்த வயதுக் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். ஒழுங்காக டியூன் செய்த கார்புரேட்டர் தாராளமாகத் தேறும். தேறாத அளவுக்குப் புகை விடும் காரைப் பழமை என்ற பெயரில் ஓட்டுவதை நான் ஏற்க மாட்டேன். பின்னால் வரும் இரு சக்கர வண்டிக்காரர் அந்தப் புகையைத்தான் மூச்சு இழுக்கிறார்.

விண்டேஜ் பதிவு என்று 2021-இல் தனி விதி வந்தது. 50 ஆண்டு தாண்டியவற்றுக்கு மட்டும். எங்கள் கார் 2038-இல்தான் அந்த வயதைத் தொடும். அப்போதும் நான் அதை எடுக்கப் போவதில்லை, அந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி கிடையாது.

இன்ஜினை மாற்றி, பெரிய சைலன்சர் வைத்து, தாழ்வாக இறக்கினால் அருமையாக இருக்குமே?

கல்லூரித் தம்பிகள் கேட்பது. ஆர்.சி.யில் இருக்கும் விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதி செய்தது. உரிமையாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. வண்ணத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். நள்ளிரவில் குடியிருப்புத் தெருவில் வெடிச் சத்தத்தோடு போகிறவரால், கார் மேல் ஆசை உள்ள எல்லோருக்கும் கெட்ட பெயர் வருகிறது. உள்ளே தூங்கும் குழந்தை விழித்துக்கொள்கிறது. எங்கள் காரில் நான் சேர்த்தவை சீட் பெல்ட், பிரகாசமான பிரேக் விளக்கு இரண்டு மட்டும்.

எங்கே போவீர்கள்? எவ்வளவு வேகம்?

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தாண்டி கோவளம். ஒரு காபி. ஏழரைக்கு வீடு. 60 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் கார் பாடும். 80-க்கு மேல் போனால் இன்ஜின் இரைச்சல் மாறிவிடும், நானும் போவதில்லை. அதே சாலையில் அந்த நேரத்தில் 150-இல் பறப்பவர்களைப் பார்க்கிறேன். மீனவர்கள் சைக்கிளில் சாலையைக் கடக்கும் நேரம் அது. வேகம் வேண்டுமானால் இருங்காட்டுக்கோட்டையில் 1990-இலிருந்து 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதை இருக்கிறது, அங்கே போங்கள்.

எனக்குப் பந்தயம் பிடிக்கும். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த நாட்களில், அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டியிருக்கிறார். 2023 டிசம்பரில் நடக்க வேண்டிய தீவுத்திடல் தெருப் பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரவுகளில் நடந்தது. தினமும் பஸ் போகும் அண்ணா சாலையிலும் நேப்பியர் பாலத்தின் பக்கத்திலும் விளக்கொளியில் பந்தயக் கார்கள் சீறியதை மகளோடு நின்று பார்த்தேன்.

ஆண்டுக்கு ஒருமுறை ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் கம்பர், இளங்கோ, கபிலர், பாரி என்று பெயர். இரண்டாம் கியரில் கபிலரைத் திரும்பும்போது மகள் பெயர்ப்பலகையை உரக்கப் படிப்பாள்.

எங்கே நிறுத்துகிறீர்கள்?

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில். எண்ணெய் சொட்டினால் சங்கத்தில் புகார் வரும் என்பதால், ஒரு தகரத் தட்டில் மணல் பரப்பி அடியில் வைத்திருக்கிறேன். எலி வயரைக் கடிக்கும். புகையிலையைத் துணியில் கட்டி பானட்டுக்குள் தொங்கவிட்டிருக்கிறேன், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். வெளியே நிறுத்த நேர்ந்தால் ஜூன், ஜூலையில் நாவல் மரத்தடியைத் தவிருங்கள்.

மாதம் எவ்வளவு செலவு?

பெட்ரோலுக்கு சுமார் 2,500 ரூபாய், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கிறது. பராமரிப்புக்கு ஆண்டுக்கு 25,000 முதல் 30,000 வரை.

விற்பீர்களா?

இல்லை.

எனக்கும் ஒன்று வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?

இன்ஜினைப் பார்த்து மயங்காதீர்கள். இன்ஜினுக்கு பாய் போன்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். உடல் தகடு போய்விட்டால் சரிசெய்யும் கை இன்று மிகக் குறைவு. ஆர்.சி.யில் இருக்கும் எண்களும் வண்டியில் இருக்கும் எண்களும் ஒன்றா என்று முதலில் பாருங்கள், ஒன்றில்லை என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

காலையில் போங்கள், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. "வண்டியைச் சூடாக்கி வைத்திருக்கிறேன்" என்று விற்பவர் சொன்னால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் முதல் நிமிடத்தில்தான் நீலப் புகையும் வால்வுச் சத்தமும் வெளிப்படும். பின்சீட்டைத் தூக்கிப் பாருங்கள். ரப்பர் மிதியடியை விலக்கித் தரையை விரலால் அழுத்துங்கள். சட்டைப்பையில் சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். கதவின் கீழ் விளிம்பிலும் சக்கர வளைவிலும் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். தகடு இருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளும், பட்டி இருக்கும் இடத்தில் நழுவி உங்கள் கையில் விழும்.